சிங்கப்பூரில் வௌவால் பார்க்க ஒரு முழு வழிகாட்டி: மரத்திலிருந்து தொடங்குங்கள்

வௌவால் பார்க்க ஆசை என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி "எந்தக் காட்டுக்குப் போகணும்?" என்றுதான் வருகிறது. காட்டுக்குப் போகவே வேண்டாம். புக்கிட் தீமா, சுங்கை பூலோ போன்ற இயற்கை வனப்பகுதிகள் இரவு 7 மணிக்கெல்லாம் மூடிவிடும், வௌவால் வேலைக்குக் கிளம்புவதே அப்போதுதான். சிங்கப்பூரில் இருபதுக்கும் மேற்பட்ட வகை வௌவால்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் கையில் வலை இல்லாத, ஆய்வாளர் அல்லாத ஆள் ஓரளவு உறுதியாகப் பெயர் சொல்லக்கூடியவை ஐந்தாறுதான் தேறும், அவற்றில் இரண்டு மூன்றை உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கைச் சுற்றியே பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பார்த்து வௌவாலைத் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். அது எதைத் தின்கிறது, எங்கே தொங்குகிறது என்று தேடினால் வௌவால் தானாக வந்து சேரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகும்.

1. முதலில் பகலில் ஒரு நடை

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் உங்கள் பேட்டையிலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நடங்கள்.

கடற்கரைப் பக்கத்திலும் கார் நிறுத்துமிடங்களிலும் நிறைய நிற்கிற நாட்டு வாதுமை, அதாவது மலாய்க்காரர்கள் கெத்தப்பாங் என்று சொல்லும் மரம், வௌவாலுக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பழத்தின் மேல்சதையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். இதில் ஒரு நுட்பம்: பழ வௌவால் பெரும்பாலும் பறித்த மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாது. ஒரு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரத்தில் உள்ள பனை இனத்து மரத்துக்கோ, ஏதாவது வீட்டு முகப்புக்கோ போய், அங்கே தலைகீழாகத் தொங்கிச் சாவகாசமாகத் தின்னும். ஆகவே மேலே வாதுமை மரமே இல்லாத இடத்தில், ஓர் அலங்காரப் பனையின் அடியில், சுரண்டிய வாதுமைக் கொட்டைகள் குவிந்து கிடந்தால் அதன் சாப்பாட்டு மேசை உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடயம் சக்கை. நாம் கரும்பு மென்று துப்புவதுபோலத்தான். பழத்தை மேலண்ணத்தோடு வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் தட்டையாகத் துப்பிவிடும். காய்ந்த பிறகு விரல்நகம் அளவுக்கு மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பு வில்லைகளாகக் கிடக்கும். சுவரில் தெறித்த மஞ்சள், பழுப்புக் கறைகள் அதன் எச்சம். தரைவீட்டுக்காரர்கள் இந்தக் கறையைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களுடைய புலம்பல் உங்களுக்கு நல்ல தகவல், மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

வாதுமை தவிர அத்தி, ஆல் இனத்து மரங்கள், ஜம்பு, மா, தெம்புசு என்ற உள்ளூர் மரம், அப்புறம் தமிழ்நாட்டில் தேன்பழம் என்று பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் சிங்கப்பூர் செரி. செரி மரம் வருடம் முழுவதும் காய்க்கும், உயரமும் குறைவு, ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைவிட வசதியான மரம் இல்லை. தெம்புசு காய்க்கிற சமயத்தில் அந்தச் சின்னச் சிவப்புப் பழங்களுக்கு வௌவால்கள் படையெடுத்து வரும்.

பழ மரத்தைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது தங்குமிடம். விசிறி போல இலை விரிக்கும் பனைகளின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஓர் இலையின் நரம்புகள் கடிபட்டு, ஓரங்கள் மடங்கிக் கூடாரம்போலத் தொங்கினால் உள்ளே ஒரு குடும்பம் இருக்கலாம். ஆண் வௌவால் கூடாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சில பெண்களும் குட்டிகளும் அதே இலைக்குள் நெருக்கியடித்துத் தொங்கும். கம்பை வைத்துத் தட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தால் அதை அங்கேயே கைவிடுங்கள். குட்டி விழுந்துவிடும்.

2. எப்போது நிற்பது

சிங்கப்பூரில் சூரியன் மறைவது வருடத்தில் பெரிதாக மாறாது. நவம்பர் தொடக்கத்தில் 6.50 வாக்கில், பிப்ரவரியில் 7.20 வாக்கில். பூச்சி பிடிக்கும் வௌவால்கள் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடும். பழ வௌவால்கள் நன்றாக இருட்டிய பிறகு, சூரியன் மறைந்து ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் மரத்துக்கு வரும். ஆக நீங்கள் சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பே நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் நின்றால் இரண்டு கூட்டத்தையும் பார்க்கலாம்.

மழை பெய்து ஓய்ந்து ஈசல் கிளம்பும் மாலை என்றால் மற்ற வேலையை ஒத்திப்போடுங்கள், விளக்குக் கம்பங்களைச் சுற்றித் திருவிழாவாக இருக்கும். பௌர்ணமி அன்று பழ வௌவால்கள் அடக்கி வாசிக்கும், ஆந்தைக்குப் பயந்து வெட்டவெளியைத் தவிர்க்கும் என்பதால் நமக்கு வெளிச்சம் அதிகமாக இருந்தும் காட்சி குறைவு.

3. பழமா பூச்சியா: முதலில் இதைத் தீர்மானியுங்கள்

பெயருக்கு அவசரப்படாதீர்கள். பறந்து போகிறது பழம் தின்னும் வகையா பூச்சி பிடிக்கும் வகையா என்று மட்டும் சொல்லப் பழகுங்கள், மற்றது பின்னால் வரும்.

பழ வௌவாலுக்கு அகன்ற சிறகு, நிதானமான சிறகடிப்பு. மரத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று வரும், சட்டென்று கிளைக்குள் நுழையும், இலை சலசலக்கும், வெளியேறும். முகத்தைப் பார்க்க வாய்த்தால் நாய்க்குட்டி முகம், பெரிய கண்கள், எளிமையான சின்னக் காது. மங்கலான விளக்கு பட்டாலே கண் செம்மஞ்சளாக மின்னும். பூச்சி பிடிக்கிறவை பெரும்பாலும் சின்னவை, கண் கடுகளவு, காதும் சில வகைகளில் மூக்கும் விசித்திரமாக இருக்கும், பறப்பது குடிகாரன் நடைபோல இடம் வலம் மேல் கீழ் என்று திடீர் திடீரென்று வெட்டி வெட்டித் திரும்பும். அந்தத் திருப்பம் ஒவ்வொன்றும் ஒரு பூச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

4. சரி, இப்போது ஆள் யார்

*நாய்முகப் பழ வௌவால்.* செயலியில் தேடுகிறவர்கள் லெஸ்ஸர் டாக்ஃபேஸ்டு ஃப்ரூட் பேட் என்று தேடுங்கள், அறிவியல் பெயர் சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ். சிங்கப்பூரில் நீங்கள் பார்க்கும் பழ வௌவால் பத்துக்கு ஒன்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவதில் தவறில்லை. எடை 30 கிராம் சொச்சம். அடையாளம் இரண்டு: காதின் ஓரத்தில் வெள்ளைக் கோடு, சிறகுக்குள் ஓடும் விரல் எலும்புகள் வெளிறித் தெரிவது. தொங்கும்போது கீழிருந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும். வளர்ந்த ஆணுக்குக் கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறம் கலந்த கழுத்துப்பட்டை போன்ற ரோமம். மேலே சொன்ன பனைக் கூடாரமும், வாதுமைக் கொட்டைக் குவியலும், வீட்டுச் சுவர்க் கறையும் இதன் வேலைதான்.

*குகைத் தேன் வௌவால்.* பெயரில்தான் குகை. நம் ஊரில் குகை ஏது? விரைவுச்சாலை மேம்பாலங்களின் அடியில் காங்கிரீட் இடுக்குகளில் கூட்டமாகத் தங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த வௌவால் இது, காரணம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழம்: டுரியான். டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் தேன் சொரியும், மகரந்தம் சேர்க்கும் முக்கிய ஆள் இந்த வௌவால். பெத்தாய் என்ற அவரை இனத்து மரத்தின் உருண்டைப் பூக்களுக்கும், வாழைப் பூவுக்கும், இலவ மரத்துப் பூவுக்கும் இது வரும். கேலாங்கில் உட்கார்ந்து டுரியான் வெட்டிச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் வௌவாலுக்கு நன்றி சொல்கிறார்களோ தெரியாது. பார்க்க நாய்முக வௌவாலைவிடக் கொஞ்சம் பெரியது, அடர்பழுப்பு, மூஞ்சி நீளம், காதில் வெள்ளை ஓரம் இல்லை. பூவில் உட்காரும் நேரம் மிகக் குறைவு, ஒரு நொடி ஒட்டிக்கொண்டு நக்கிவிட்டு விலகும். கிட்டத்தில் நல்ல படம் கிடைத்தால் சிறகின் இரண்டாம் விரலைப் பாருங்கள்: மற்ற பழ வௌவால்களுக்கு அங்கே ஒரு சின்ன நகம் இருக்கும், இதற்கு இல்லை.

டுரியான் மரங்கள் பூங்காக்களிலும், பழைய கம்போங் (கிராமம்) இருந்த இடங்களிலும், உபின் தீவிலும் இன்னும் நிற்கின்றன. ஜூன், ஜூலையில் பழம் என்றால் மார்ச், ஏப்ரல் வாக்கில் பூ. காலையில் மரத்தடியில் வெளிர்நிற இதழ்களும் கேசரங்களும் கொட்டிக் கிடந்தால் அன்று இரவே போய் நில்லுங்கள், பூக்காலம் நீடிக்காது.

*மஞ்சள் வீட்டு வௌவால்.* தெருவிளக்கையும் திடலையும் சுற்றிப் பூச்சி பிடிப்பவற்றில் சாதாரணமாகக் காண்பது. வயிற்றுப்பக்கம் மஞ்சள் கலந்த பழுப்பு. கட்டடங்களின் இடுக்கிலும், காய்ந்து தொங்கும் பனை ஓலைகளுக்குள்ளும் பகலைக் கழிக்கும். வீவக புளோக்குகளுக்கு நடுவே உள்ள காற்பந்துத் திடலில் விளக்குப் போட்ட பிறகு மேலே பாருங்கள், பையன்கள் பந்தைத் துரத்த இவை பூச்சியைத் துரத்திக்கொண்டிருக்கும்.

*கல்லறை வௌவால்கள்.* இரண்டு உண்டு. பை கொண்ட கல்லறை வௌவால் மிக உயரத்தில், குறுகிய நீளச் சிறகோடு, வேகமாக, ஏறக்குறைய நேர்கோட்டில் பறக்கும். வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே வரும் என்பதால் பலர் உழவாரன் குருவி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கருந்தாடிக் கல்லறை வௌவாலைப் பகலிலேயே பார்க்கலாம்: உயரமான சுவரில், கூரை நிழலில், தொங்காமல் பல்லிபோல வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும், நாம் கிட்டப் போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் நகரும். இந்த இரண்டு பழக்கங்களையும் தெரிந்துகொண்டால் புத்தகம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்.

*வாழை இலை வௌவால்.* மயோட்டிஸ் மியூரிகோலா. இன்னும் விரியாத, குழாய்போலச் சுருண்டு நிற்கும் வாழைக் குருத்துக்குள் பகலில் தூங்கும். இலை ஓரிரு நாளில் விரிந்துவிடும், அது வீடு மாறிவிடும். சமூகத் தோட்டத்தில் வாழை வைத்திருக்கும் பெரியவர் யாராவது தெரிந்தவர் இருந்தால், குருத்தை வெட்டும் முன் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

*மூங்கில் வௌவால்.* வெறும் 3 முதல் 5 கிராம். உலகத்தின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று. வண்டு துளைத்த மெல்லிய பிளவு வழியாக, இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள மூங்கில் குழாய்க்குள் நுழையும், அதற்காகவே தட்டையான மண்டை ஓடு, கட்டைவிரலிலும் பாதத்திலும் ஒட்டிக்கொள்ளும் மெத்தைகள். தடித்த மூங்கிலில் சின்ன நீளப் பிளவும் அதன் கீழே கறையும் இருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒன்றன் பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

காட்டுக்குள் இலையடியில் தனியாகத் தொங்கும் முவ்விலைக் குதிரைலாட வௌவால் என்று ஓர் அழகன் உண்டு, மஞ்சள் நிற மூக்கு மடலோடு இருக்கும். பகலில் வனப்பாதையில் நடக்கும்போது கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், தேடிப் போய்க் காண்பது கடினம்.

*பெரும் பறக்கும் நரி.* எல்லாரும் பார்க்க விரும்புவது இதைத்தான். சிறகை விரித்தால் 1.5 மீட்டர், எடை ஒரு கிலோவை எட்டும். சிங்கப்பூரில் இது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி, உபின் பக்கம் பார்த்ததாகப் பதிவுகள் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்து ஆலமரத்தில் பழுத்த பழம்போல நூற்றுக்கணக்கில் தொங்கிய பறக்கும் நரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஏமாற்றமாகத்தான் இருக்கும். அது வேறு இனம் என்றாலும் உருவம் அதேதான். சீக்கிரம் பார்த்தாக வேண்டும் என்றால் மண்டாய் விலங்குத் தோட்டத்தின் ஃப்ரஜைல் ஃபாரஸ்ட் பகுதிக்குப் போங்கள். காட்டு விலங்கைப் பார்த்த கணக்கில் சேராது, ஆனால் அளவு மனதில் பதிந்துவிடும், பிறகு நாய்முக வௌவாலைப் பார்த்துப் "பறக்கும் நரி!" என்று கத்த மாட்டீர்கள்.

5. வௌவால் மாதிரி இருக்கும், ஆனால் இல்லை

உழவாரன்கள் இருட்டும்வரை பறக்கும். அவற்றின் சிறகு அரிவாள்போல விறைப்பாக இருக்கும், இடையிடையே சிறகடிக்காமல் வழுக்கும். வௌவால் சிறகடிப்பதை நிறுத்துவது அபூர்வம், சிறகின் விளிம்பும் குடைக்கம்பிபோல வளைவு வளைவாகத் தெரியும். பக்கி என்ற இரவுப் பறவை தரையிலிருந்து கிளம்பும், டொக், டொக் என்று கூவியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மரத்திலிருந்து மரத்துக்குச் சிறகடிக்காமல் காகிதம்போல மிதந்து போனால் அது கொலுகோ என்ற பாலூட்டி. பூனையளவு இருக்கும், புக்கிட் தீமா பக்கம் நிறைய. விளக்கைச் சுற்றும் பெரிய அந்துப்பூச்சியும் ஒரு நொடி ஏமாற்றும்.

6. எங்கே போய் நிற்பது

உங்கள் புளோக்குக்குக் கீழேதான் முதல் இடம். அது சலித்த பிறகு தாவரவியல் பூங்கா, நள்ளிரவு வரை திறந்திருக்கும், பனைகளும் அத்தி இனங்களும் தெம்புசுவும் ஒரே வளாகத்தில். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் ஆற்றங்கரையில் நின்றால் தண்ணீர்மேல் பூச்சி பிடிப்பவை வரும். கிழக்குக் கடற்கரைப் பூங்கா வாதுமை மரங்களுக்காக. பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பக்கம் இருட்டும் நேரத்தில் நன்றாக இருக்கும், கொசுவும் நன்றாகவே இருக்கும், முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

உபினுக்குச் சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து போகலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், இரவில் திரும்பிவரப் படகு இருக்குமா என்று போகும்போதே படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். செக் ஜாவா மாலையிலேயே மூடிவிடும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

7. கருவி: எது வேண்டும், எது வேண்டாம்

இருநோக்கி 8x42 இருந்தால் நல்லது. கைவிளக்கில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சத்தை நேராக அடித்தால் அது மிரண்டு பறந்துபோகும். பிளாஷ் கூடாது, அதிலும் குட்டியோடு இருக்கும் தங்குமிடத்தில் கண்டிப்பாகக் கூடாது.

ஆர்வம் முற்றியவர்கள் வௌவால் ஒலிமானி வாங்குவார்கள். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூச்சி பிடிப்பவை அதற்கு மேலே கத்திக்கொண்டு பறக்கின்றன, இந்தக் கருவி அதை நமக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும். கைப்பேசியில் செருகும் வகையும் உண்டு, செருகாமல் கைப்பேசியின் மைக்கை மட்டும் நம்பும் செயலிகள் பயன்படாது. கல்லறை வௌவால்கள் 20 முதல் 30 கிலோஹெர்ட்ஸ், மஞ்சள் வீட்டு வௌவால் 40 வாக்கில், குதிரைலாட வௌவால்கள் ஒரே சுருதியில் நீட்டிப் பாடும். பூச்சி கிட்ட வரவர 'டிக் டிக்' வேகம் கூடி, பிடிக்கும் நொடியில் ஜிர்ர்ர் என்று ஒன்றாகிவிடும், அதை முதல்முறை கேட்கும் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. ஆனால் பழ மரத்தடியில் இந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீண். நம் ஊர்ப் பழ வௌவால்கள் அப்படிக் கத்தி வழி கண்டுபிடிப்பதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்புகின்றன. தலைக்கு மேலே உருவம் தெரிந்தும் கருவி மௌனமாக இருந்தால் அதுவே ஓர் அடையாளம்.

8. எழுதி வையுங்கள்

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தோடு போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். படம் இல்லையென்றாலும் தேதி, நேரம், மரம், உயரம், பறந்த விதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். "பழ வௌவால், வகை தெரியவில்லை" என்று எழுதுவது அவமானமில்லை, பறக்கும் வௌவாலைப் பார்த்தவுடன் வகைப்பெயர் சொல்லும் ஆளிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தங்குமிடத்தின் சரியான இடத்தை மட்டும் பொதுவெளியில் போட வேண்டாம். மறுநாளே கேமராவோடு கூட்டம் வந்துவிடும்.

9. சட்டம், உடம்பு, அப்புறம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால்

வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் வளர்ப்பதும் உணவு போடுவதும் குற்றம். உணவு போட்டால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். செரி மரக் கிளையில் பழத்துண்டைக் கட்டி வைத்துப் படம் எடுக்கும் யோசனையும் இதில் அடங்கும்.

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனாலும் வெறும் கையால் தொடக்கூடாது. 1999இல் மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள் வழியாக நிப்பா கிருமி இங்கே பன்றி அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேரைத் தொற்றியது, ஒருவர் இறந்தார். அந்தக் கிருமியின் இயற்கையான இருப்பிடம் பறக்கும் நரிகள். மரத்தடியில் நின்று பார்ப்பதால் எதுவும் ஒட்டாது. எச்சம் பட்ட கையைக் கழுவுங்கள், கடித்திருந்தாலோ பிராண்டியிருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

வௌவால் வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள், அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியோ அதிர்ஷ்டம் வந்தது என்பார். இரண்டு பேரும் சண்டை போடட்டும், நீங்கள் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், அதில் அடிபட்டுத்தான் வௌவால்கள் சாகின்றன. பிறகு அறை விளக்கை அணைத்து, சன்னலை அகலத் திறந்து, உள்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே போய்விடும். துடைப்பத்தால் விரட்ட வேண்டாம். காயம்பட்டோ, குட்டியோ தரையில் கிடந்தால் ஓர் அட்டைப்பெட்டியைத் தளர்வாகக் கவிழ்த்துவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600க்கு அழையுங்கள், வரும்வரை பூனையை உள்ளே அடைத்து வையுங்கள்.